இருபது வாளியா, எட்டு வாளியா?

எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்றாம் மாடி வீட்டுக் குளியல் தொட்டி தினமும் முந்நூறு லிட்டர் தண்ணீரைக் குடிக்கிறதாம். அதனால்தான் எல்லாருக்கும் தண்ணீர் போதவில்லையாம். நாளை காலை அந்தக் குளியலறையின் வால்வு பூட்டப்படுமாம். கீழே செயலாளர் மாமாவின் கையெழுத்து.

அந்த வீடு எங்கள் வீடு. இது என்ன அநியாயம்!

அப்பா பேருந்து ஓட்டுநர். இரண்டு மாதத்துக்கு முன் படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. தினமும் அரைமணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் தொப்புள்வரை முங்கி உட்கார்ந்தால்தான் மறுபடியும் வண்டி ஓட்ட முடியும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா ஒருநாளும் தவறவிட்டதில்லை. இப்போதுதான் வலி குறைய ஆரம்பித்திருந்தது.

நேரே செயலாளர் மாமா வீட்டுக்குப் போனேன். முந்நூறு லிட்டர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தொட்டி விளிம்புலயே எழுதியிருக்கும்மா. குழாய் பார்க்க வந்தப்போ என் கண்ணால பார்த்தேன். நானா சொல்றேன்? தொட்டியே சொல்லுது” என்றார்.

தொட்டியே சொல்கிறதாம்! அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைப் படாரென்று சாத்தினேன். பெரியவர்களிடம் வாயாடினாயா என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். ஒரு வாளிகூட ஊற்றிப் பார்க்காமல் கணக்குச் சொன்னவரை யாரும் திட்டவில்லை!

சரி, நானே ஊற்றிப் பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வாளி பதினைந்து லிட்டர். முந்நூறு லிட்டர் என்றால் இருபது வாளி. மாலையில் அப்பா காலித் தொட்டிக்குள் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் நிரப்பிய பிறகு கால் வைத்தால் வழுக்கும் என்று அவருக்குப் பயம். குழாயைத் திறக்காமல், நானும் அம்மாவும் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினோம். எட்டாவது வாளியில் தண்ணீர் அப்பாவின் தொப்புளைத் தொட்டுவிட்டது.

எட்டே வாளி! நூற்று இருபது லிட்டர்! அந்தத் தண்ணீரையும் நாங்கள் சும்மா விடுவதில்லை. வீடு துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் அதுதான்.

அரைமணி கழித்து அப்பா எழுந்தார். தொட்டியில் தண்ணீர் மட்டம் சர்ரென்று கீழே இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்நூறு லிட்டர் என்பது ஆளே இல்லாத தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் வரும் கணக்கு. ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை செயலாளர் மாமா கையில் பூட்டோடு மாடி ஏறினார். எங்கள் வாசலில் வழிமறித்து, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

“எட்டு வாளியில தொப்புள் வரைக்குமா? யார்கிட்ட கதை விடுறே?”

“நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க மாமா. நான் ஊத்துறேன், நீங்க எண்ணுங்க.”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வாளி பிடிக்கவில்லை என்றால் தன் பெயரையே மாற்றிக்கொள்வதாகச் சவால்விட்டார். கால்சட்டையும் பனியனுமாகத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். மாமா அப்பாவைவிட இரண்டு மடங்கு இருப்பார். தொட்டியில் இடமே இல்லை.

நானும் அம்மாவும் வெந்நீர் கலந்து ஊற்றினோம். மாமா சத்தமாக எண்ணினார். நாலுவரை குரல் கணீரென்று இருந்தது. ஐந்தில் கொஞ்சம் இறங்கியது. “ஆறு” என்று முனகியபோது தண்ணீர் அவருடைய தொப்புளை மூடியிருந்தது.

கதவருகே நின்றிருந்த அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தப்பு என் மேலதான்” என்றார் மாமா கடைசியில். “வால்வைப் பூட்டலை. தண்ணி எங்கே போகுதுன்னு ஒவ்வொரு வீடா போய்ப் பார்க்குறேன், முதல்ல என் வீட்டுல.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“எனக்கும் ரொம்ப நாளா இடுப்பு வலிம்மா. இது சுகமா இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஒரு அரைமணி வரட்டுமா?”

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

“வாங்க மாமா. ஆனா அந்த ஆறு வாளியையும் உங்க வீட்டிலிருந்து நீங்களே தூக்கிட்டு வரணும்.”