சதீஷ் வீட்டு வழி

சதீஷ் இறந்துபோன பிறகு, அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்று வழியில் போக ஆரம்பித்தார்கள்.

நேர்வழி சதீஷ் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். அந்தப் பக்கமே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"உங்களப் பாத்தா ஜெயசித்ராவுக்கு மகன் ஞாபகம் வந்துரும்லா. பாவம், அவ கண்ணுல படாதீங்க," என்று ஹஸீனாவின் அம்மா நூர்னிசாவும் சொன்னாள்.

ஹஸீனாவும் சதீஷும் ஆறாம் வகுப்பு. தினமும் சண்டை போட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவார்கள். காய்ச்சல் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சதீஷ் உயிரோடு திரும்பவில்லை.

அன்றைக்கு ராஜபாளையமே அந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. நாற்காலிகள் போதவில்லை. வீட்டுக்கு வீடு சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்ததும் அத்தனை பேரும் காணாமல் போனார்கள்.

சதீஷின் அப்பா ஐயாதுரை மில்லுக்கு ஷிப்டு பார்க்கப் போய்விடுவார். அம்மா ஜெயசித்ரா வீட்டில் தனியாக இருப்பாள். அவள் தெருக்குழாய்க்குக் குடத்தோடு வந்தால், பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடுவார்கள். அவள் போன பிறகுதான் மறுபடியும் பேசுவார்கள்.

ஒருநாள் காலையில் ஹஸீனாவுக்கு எழுந்திருக்க நேரமாகிவிட்டது. சுற்றிப் போனால் பிரேயர் முடிந்துவிடும். வேறு வழியில்லாமல் நேர்வழியில் ஓடினாள். வாசலில் ஜெயசித்ரா நிற்பதைப் பார்த்ததும், அங்கே நின்ற லோடு ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பை தெரியுது," என்றாள் ஜெயசித்ரா.

ஹஸீனா பையை இழுத்துக்கொண்டாள்.

"இப்போ காலு தெரியுது. எந்திரிச்சு வா."

ஹஸீனா தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள்.

"நான் என்ன பேயா? என்னப் பாத்து எதுக்குட்டி ஒளியுத?"

"என்னப் பாத்தா ஒங்களுக்கு சதீஷ் ஞாபகம் வந்துரும்னு அம்மா சொன்னாவ, அத்தை."

சொன்ன பிறகுதான் ஹஸீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயசித்ராவின் முகம் மாறியது.

"அவன் பேர யாராச்சும் சொல்லிக் கேட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? பாக்குறவிய எல்லாம் 'சாப்பிட்டியா'ங்காவ. இல்லாட்டி ஓடிப் போறாவ. நான் பிள்ளையே வளக்காத மாதிரி."

ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று ஹஸீனா நினைத்தாள். பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் எதுவும் அவள் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அத்தை, சதீஷ் சுரைக்காக் கூட்டுன்னா திங்கவே மாட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு கருப்பு நாய் உண்டு. அதுக்குப் போட்டுருவான்."

"டிபன் பாக்ஸ் பளபளன்னுல்லா வரும்?"

"நாய் நக்கிரும். பொறவு இவன் குழாயில கழுவிருவான்."

"பயபுள்ள. அவனுக்குப் பிடிக்கும்னு வாராவாரம் ஆக்குனேனே."

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று ஹஸீனாவுக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. அழவைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் பேசாமல் சுற்று வழியில் போயிருக்கலாம். போகவில்லை. ஜெயசித்ரா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"காலையில அழ வச்சுட்டேன், அத்தை."

"நீ வராட்டி மட்டும் நான் அழாமயா இருக்கேன்? உள்ள வா. வேற என்னெல்லாம் பண்ணுனான், அதச் சொல்லு."

மறுநாள் ஹஸீனா தன் வகுப்புப் பிள்ளைகள் விக்னேஷ்வரனையும் ஜாஸ்மினையும் ஜெயசித்ரா வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"எனக்கு அழுகை வந்துருமே," என்றான் விக்னேஷ்வரன்.

"வந்தா அழு. அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

ஆனால் ஜெயசித்ராவைப் பார்த்ததும் விக்னேஷ்வரன் புகார்தான் சொன்னான். "சதீஷ் என் மூக்குல குத்திட்டான், அத்தை. வீட்டுல கீழ விழுந்துட்டேன்னு சொன்னேன்."

"அவன் சும்மா குத்த மாட்டானே. நீ என்ன செஞ்ச?"

"மொதல்ல நான்தான் கடிச்சேன்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்மினின் அம்மா கிருபாபாய் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி ஜாஸ்மின், எழும்பு. அவியள நிம்மதியா இருக்க விடு."

"நிம்மதியா?" என்று கேட்டாள் ஜெயசித்ரா. "குழாயடியில நான் வந்தா வாயை மூடிக்கிடுதீங்களே, அது எனக்கு நிம்மதியா?"

கிருபாபாய்க்கு முகம் வாடிவிட்டது. "என்ன பேசன்னு தெரியல, ஜெயா. அதான்."

"தெரியாட்டி சும்மா வந்து உக்காந்திருக்கலாம்லா. நான் என்ன பாட்டா பாடச் சொன்னேன்?"

கிருபாபாய் திரும்பிப் போய்விடுவாளோ என்று ஹஸீனாவுக்குப் பயமாக இருந்தது. பாயில் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்க, ஆன்ட்டி."

கிருபாபாய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"போன வருசம் எங்க மாடியில மாங்கா வத்தல் காயப்போட்டிருந்தேன்," என்றாள் கடைசியில். "அம்புட்டையும் தின்னுட்டு, காக்கா தூக்கிட்டுப் போயிட்டுன்னு சொன்னான், சதீஷு."

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் தலை நிமிரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இது எனக்குத் தெரியாதே. மொதல்ல இருந்து சொல்லுங்க."