கவிராயர் பெயருக்கு ஓர் அர்ச்சனை

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து கிளம்பிய ஜட்கா கோலியனூர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது.

"சங்கீதக்காரங்கன்னு சொன்னதும் சொன்னீங்க, குதிர தாளம் போட்டுக்கினே நடக்குது சார். ஜல்தியா வான்னா கேக்கல. ஒரே பேஜாரு," என்றான் வண்டிக்காரன்.

பல்கலைக்கழகச் சங்கீதப் பிரிவின் ஆசிரியர் சக்கரபாணி சிரித்தபடி இறங்கினார். அவருடைய மாணவி தையல்நாயகி, உறையிட்ட தம்புராவை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

வாசலில் தாண்டவராயர் நின்றிருந்தார். எழுபது வயதிலும் வளையாத முதுகு. அந்த வீட்டார் தெருவில் நின்று உரக்கப் பேசியதில்லை. யார் முன்னும் கைகட்டி நின்றதுமில்லை. அவர் தகப்பனார் விருத்தாசலக் கவிராயரின் கீர்த்தனைகள் தென்னாற்காடு முழுவதும் பாடப்பட்டன. இந்த 1938-ஆம் வருஷம் கவிராயருக்கு நூற்றாண்டு. அதை அவர் பிறந்த வீட்டிலேயே நடத்தவேண்டும் என்று பல்கலைக்கழகம் விரும்பியது.

தாண்டவராயருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. திண்டிவனம் வக்கீல் வெங்கடாசலம், பேத்தி ஜெயத்தைத் தம் மகனுக்குக் கேட்டிருந்தார். நாளை விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறார். குடும்பத்தின் பெருமையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சக்கரபாணி கேட்டார். "பெரியவங்களுக்கு ஆராதனை பண்றதுன்னா அவங்க மறைஞ்ச திதியிலதான் பண்ணுவோம். நீங்க அவர் பொறந்த நட்சத்திரத்துலதான் நடத்தணும்னு எழுதிட்டீங்க. திதி எதுங்க?"

"அப்பா காசிக்குப் போய்ச் சந்நியாசம் வாங்கிக்கினாருங்க. சந்நியாசிக்கு ஏது திதி?"

சக்கரபாணி மரியாதையோடு தலையாட்டினார். தையல்நாயகியின் பார்வை கூடத்தின் கடைசியில் இருந்த அறைமேல் போயிற்று. சின்னக் கதவு. பெரிய பூட்டு.

"அது மல்லாட்ட மூட்ட போடுற ரூம்மா. நெலக்கடல," என்றார் தாண்டவராயர், அவள் கேட்பதற்கு முன்பே.

மறுநாள் காலை, ஊர்ச் சிவன் கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டு வைத்தார்கள்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"விருத்தாசலம். சிவகோத்திரம். அனுஷம்."

குருக்களின் கை பூக்கூடையிலேயே நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கவிராயர் பேருக்கா? இருக்கறவாளுக்குத்தானே பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை பண்றது? போனவாளை அப்படிக் கூப்பிடப்படாது. திதியில கூப்பிட்டா, சாதம் போட்டு, எள்ளும் ஜலமும் விட்டு அனுப்பி வெச்சுடலாம். இப்படிக் கூப்பிட்டா அனுப்பறதுக்கு மந்திரமே கிடையாது."

வக்கீல் வீட்டார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாண்டவராயர் நிமிர்ந்தார்.

"எங்கப்பா போயிட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது? பண்ணுங்க."

குருக்கள் பண்ணினார். பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடுமாறியது. முடிந்ததும் விபூதி, பூ, தேங்காய் மூடியைத் தட்டில் வைத்து நீட்டினார். "அவர் கையில குடுத்துடுங்கோ," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

வீட்டில், கவிராயர் உட்கார்ந்து பாடிய மணைப்பலகையைக் கூடத்தில் போட்டு, அதன்மேல் பிரசாதத்தை வைத்தார்கள். பிறந்தநாள்காரருக்குச் சுற்றுவதுபோலவே மருமகள் பாஞ்சாலி அந்த வெறும் பலகைக்கு ஆலம் சுற்றினாள்.

மூன்றாவது சுற்றில் கற்பூரச் சுடர் பலகையின் பக்கம் சாய்ந்தது. காற்று இல்லை.

கடைசி அறைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பாட உட்காருகிறவர், சுருதி பிடிப்பதற்கு முன் செருமும் செருமல்.

பாஞ்சாலி மாமனாரைப் பார்த்தாள். "பூன போலிருக்கு," என்றார் அவர்.

சாயங்காலம் முற்றத்துப் பந்தலில் ஊரே கூடிவிட்டது. வக்கீல் வெங்கடாசலம் முன்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப் பாவாடை தாவணியில் ஜெயம் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். சக்கரபாணி கவிராயரைப் புகழ்ந்து பேசியபோது தாண்டவராயருக்கு நெஞ்சு நிறைந்தது. காலையில் கேட்டதைப் பூனைதான் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

தையல்நாயகி கவிராயரின் கல்யாணிராகக் கீர்த்தனையை எடுத்தாள். பல்லவி இனிமையாகப் போயிற்று. அனுபல்லவியில் அவள் ஒரு சங்கதியை முடித்து நிறுத்தினாள்.

சங்கதி நிற்கவில்லை.

அவள் விட்ட இடத்திலிருந்து அதே சங்கதி வீட்டுக்குள்ளே ஒருமுறை சுற்றி வந்து அடங்கியது. வறண்ட குரல். ஆணின் குரல். நெடுங்காலம் தண்ணீர் படாத தொண்டை.

கூட்டம் பின்பாட்டு என்று நினைத்துத் தலையாட்டியது. தையல்நாயகியின் விரல்கள் தம்புராத் தந்தியிலிருந்து விலகின. தம்புரா மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்ற தாண்டவராயரிடம் உதடு அசையாமல் சொன்னாள்.

"ஐயா, உள்ள யாரோ பாடறாங்க. நான் தப்பாப் பாடின எடத்தத் திருத்திப் பாடறாங்க."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கூடம் இருண்டிருந்தது. புதிதாகத் தோண்டிய ஈர மண் வாசனை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதற்குப் பின்னால் சரணம் மெதுவாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"பாஞ்சாலி! ஒலக்கய எடு. வெள்ளயம்மாளையும் கூப்புடு. நெல்லு குத்துங்க."

"விசேஷ வூட்ல வெளக்கு வெக்கிற நேரத்துல நெல்லாங்க மாமா? குத்துறதுக்கு நெல்லே இல்லியே."

"வெறும் ஒரலக் குத்து!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் யாருடையவை என்று அவருக்குத் தெரிந்தது. அவை சித்தப்பாவின் சொற்கள்.

கவிராயர் காசிக்குப் போகவில்லை. புத்தி பிசகிக் கோவணத்தோடு கடைத்தெருவில் நின்று பாடியபோது, குடும்ப மானம் போகிறது என்று சித்தப்பா அவரை அந்த அறையில் போட்டுப் பூட்டினார். அவர் பாடும்போதெல்லாம் தெருவுக்குக் கேட்காமலிருக்க வீட்டுப் பெண்கள் வெறும் உரலைக் குத்தினார்கள். ஒருநாள் உலக்கைச் சத்தம் நின்றது. அன்று அறைக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொள்ளி இல்லை, கருமாதி இல்லை. பிள்ளையாகிய தாண்டவராயர் சிறுவனாக முற்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அன்றைய திதி அவருக்கு மறந்ததே இல்லை. ஒருவரிடமும் சொன்னதும் இல்லை.

உலக்கைகள் விழத் தொடங்கின. டொக். டொக். டொக்.

குரல் ஒரு கணம் நின்றது.

பிறகு உலக்கை விழும் இடத்திலேயே எடுப்பு எடுத்துப் பாடத் தொடங்கியது.

பழகிய தாளம் அதற்கு.

"இன்னாங்க இது," என்று வேலைக்காரி வெள்ளையம்மாள் உலக்கையைக் கீழே போட்டாள். "நா குத்தலீங்க. ஒலக்க தானா எழும்புது. கையப் புடிச்சு இழுக்குது."

குருக்கள் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அவர் அந்தக் கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தாண்டவராயரின் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"திதியைச் சொல்லுங்கோ," என்று கிசுகிசுத்தார். "ஒரு வார்த்தை போறும். போயிட்டார்னு பிள்ளை வாயால சொல்லி, எள்ளும் ஜலமும் விட்டுடுங்கோ. இப்பவே அனுப்பிடலாம்."

தாண்டவராயர் வாயைத் திறந்தார். திதி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இன்னா சம்பந்தி, உள்ளயும் ஒரு கச்சேரி நடக்குதா?"

வக்கீல் வெங்கடாசலம் கூடத்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர். சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லார் கண்ணும் தாண்டவராயர் வாய்மேல்.

ஒரு வார்த்தை சொன்னால் தகப்பன் விடுபடுவார். அதே வார்த்தையில் இந்த வீடு பெற்ற தகப்பனைப் பூட்டிப் புதைத்த வீடாகிவிடும். ஜெயத்தை யார் கட்டுவார்கள்?

தாண்டவராயர் முதுகை நிமிர்த்தினார்.

"எங்கப்பா சாகலீங்க," என்றார் உரக்க. "இருக்காரு."

குரல் சட்டென்று நின்றது.

குருக்கள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவர் பிரசாதத் தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது. தையல்நாயகி மட்டும் தலைவலி என்று சொல்லி வாசலில் நின்ற வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் தட்டு மாற்றிக்கொண்டார்கள். வக்கீல் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்றார். பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சீறின. வரிசையாக இலை போட்டார்கள். சாம்பார் வாசனையில் மண் வாசனை கரைந்துபோயிற்று. தாண்டவராயர் வரிசைகளுக்கிடையே நடந்து எல்லாரையும் உபசரித்தார்.

பாஞ்சாலி பாயசச் செம்போடு கூடத்திலிருந்து வந்தாள்.

"எல்லாரும் பந்தல்ல இருக்காங்க. நீ உள்ள யாருக்கும்மா பரிமாறிட்டு வர்ற?"

அவள் சிரித்தாள். "இன்னா மாமா, நீங்கதான் கூடத்துலேர்ந்து கூப்ட்டு எல போடச் சொன்னீங்க. இருட்டுல ஒக்காந்துக்கினு, 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா'ன்னு கேட்டீங்க. உங்க கொரல் எனக்குத் தெரியாதா?"

அவர் ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கடைசி அறைக்கு எதிரே ஓர் இலை கிடந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. சுபகாரிய வீட்டில் மடிப்பதுபோல், சாப்பிட்டவர் தம் பக்கமாக ஒழுங்காக மடித்திருந்தார். அடுத்த விசேஷத்துக்கும் வருகிறேன் என்று சொல்கிற மடிப்பு.

அவர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். இலை கதவுப் பக்கம் மடிக்கப்படவில்லை. கூடத்துப் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

பூட்டிய கதவைப் பார்த்தபடி, வெளியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

தாண்டவராயரின் முதுகுக்குப் பின்னால், இருட்டில், யாரோ நிம்மதியாகச் சம்மணம் மாற்றி உட்கார்ந்தார்கள்.