எக்ஸ் 62 என்று எழுதுமுன்

காலை 10.40. மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி. அப்போதுதான் தேய்த்து முடித்த டி-சர்ட்டின் மேல் கன்னத்தை வைத்து விஜயராணி உறங்கிப் போனாள். உலுக்கியும் எழவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பகல் 3.15. அவள் பிழைத்துவிட்டாள். அவளுடைய கோப்புதான் மருத்துவமனை ரிக்கார்டு அறையில், பிரிசில்லாவின் மேசையில் முடியாமல் கிடந்தது. ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போடுவது பிரிசில்லாவின் வேலை.

அபின் வகை மருந்தின் நஞ்சு. அதில் சந்தேகமில்லை, முறிவு மருந்து ஏறியதும் கண் திறந்தாளாம். அது எப்படி உடம்புக்குள் போனது என்பதற்கு இன்னோர் எண் வேண்டும். தவறுதலாக என்றால் எக்ஸ் 42. தானாகவே என்றால் எக்ஸ் 62. டாக்டர் இரண்டாவதைப் பென்சிலால் எழுதியிருந்தார். ஐந்து மணிக்குப் போலீஸ் ஏட்டு வருவார். தற்கொலை முயற்சி என்றால் போலீஸ் விசாரணை அவளை விடாது.

பிரிசில்லா குறிப்புகளைப் படித்தாள். விஜயராணியின் தாய் புற்றுநோயில் இறந்து நாற்பது நாள். மயக்கத்தில் 'அம்மாகிட்டப் போறேன்' என்றிருக்கிறாள். வயிற்றைக் கழுவியதில் மாத்திரை எதுவும் இல்லை.

எண்ணை எழுதும்போதெல்லாம் யாரையோ ஓர் அறைக்குள் விட்டுத் தாழிடுவதுபோல் பிரிசில்லாவுக்குத் தோன்றும். இன்று தாழ்ப்பாளில் கை வைக்க மனம் வரவில்லை. எழுந்து வார்டுக்குப் போனாள்.

3.30. ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மெல்ல மிதந்தது. ஒருக்களித்துக் கிடந்த விஜயராணியும் மிதப்பவள்போல்தான் இருந்தாள். ஆயா மயிலாள் அவள் முதுகில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா எதுவும் எடுத்தீங்களாங்க?" என்றாள் பிரிசில்லா.

"தெரியலக்கா. கனா மாதிரி இருக்கு. அம்மா கூப்பிட்டா. போகணும் போல இதமா இருந்துச்சு. நாந்தான் எடுத்திருப்பேனோ என்னமோ."

"அவங்கம்மாவுக்குக் குடுத்த மாத்திரைல மிச்சமிருந்த அட்டை பிரிக்கவே இல்லக்கா," என்றான் கணவன் முனீஸ். "கையோட கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"அயர்ன் பண்றப்ப எப்படி நிப்பீங்க?"

"அயர்ன் பெட்டிக்கு ஆவி குடுக்கற பாய்லருக்கு முதுகக் காட்டி," என்றாள் விஜயராணி. "வெக்கை அடிச்சிக்கிட்டே கெடக்கும்."

"ஏனுங்க மயிலாக்கா, எண்ணெய் எதுக்குங்க?"

"பசை போகணுமில்ல கண்ணு. பிளாஸ்திரியோட வந்துது. துணி மாத்தறப்ப பிச்சு வீசிட்டேன்."

"டாக்டர்கிட்டச் சொல்லலீங்களா?"

"இதப் போயா? பனியன் கம்பெனிக்குப் போறவங்கள்ல பிளாஸ்திரி இல்லாத முதுகு ஏது? இந்த ஊருல வவுத்துல இருக்கற கொழந்தைக்குத்தான் இன்னும் ஒட்டல."

பசையின் சதுரம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே இருந்தது. பிரிசில்லா தன் கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். எட்டவில்லை.

"முனீஸ், இத நீங்கதான் ஒட்டியிருக்கீங்க. கடையில வாங்கினதா, உங்க மாமியாருக்குக் குடுத்ததாங்க?"

"கடையில வாங்குனது தீந்துபோச்சுக்கா. நேத்து சாயங்காலம் முதுகு வலின்னா. அத்தைக்கு ஒட்டுனதுல பிரிக்காம ஒண்ணு மிச்சம் கெடந்துச்சு. வலிக்குத்தானே அதுவும்?"

"அது வெறும் பிளாஸ்திரி இல்லீங்க. அபின் மாதிரி மருந்து, தோல் வழியா கொஞ்சங்கொஞ்சமா இறங்கும். சூடு பட்டா மொத்தமா இறங்கிரும். பாய்லர் அந்த வேலையப் பண்ணிருச்சு. போய் அது இருந்த கவரக் கொண்டாங்க."

4.25. டாக்டர் கவரைப் படித்தார். மருந்தின் பெயருக்குக் கீழேயே சூடு படக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, எக்ஸ் 42 என்று மையால் எழுதிக் கையெழுத்திட்டார்.

முனீஸ் கட்டிலடியில் முகத்தைப் பொத்தி உட்கார்ந்திருந்தான்.

"அப்ப நான் எடுக்கல," என்றாள் விஜயராணி.

"எடுக்கலீங்க."

"போகணும்னு இருந்துச்சே, அது? அதுவும் மருந்துதானா?"

"அது எனக்குத் தெரியலீங்க," என்றாள் பிரிசில்லா.

ஐந்து மணிக்கு ஏட்டு லிங்கசாமி வந்து நோட்டைப் பிரித்தார். "என்னம்மா, தானாவா, தவறியா?"

பிரிசில்லா கோப்பை நீட்டுவதற்குள் விஜயராணி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"தவறித்தான் சார்," என்றாள். "எழுதிக்கிடுங்க. உசுரு வேணாம்னு நான் இருக்கல."