ஜெஸ்டினுக்குள் ஜெஸ்டின்

மூன்றாவது அடுக்கோடு நிற்க வேண்டிய புரோகிராம் நிற்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கும் கம்பெனி ஒன்றுக்காக, வீட்டில் தனியாக உட்கார்ந்து ரூபி என்ற கணினி மொழியில் எழுதிக்கொண்டிருந்தாள் ஜெப்ஸி. 'கிளாஸ்' எனும் நிரல் வார்ப்பு ஒன்றுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று தானாகவே பிறக்க வேண்டும். பிறப்பதெல்லாம் தாயின் குணத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. எட்டு மாதமாகக் கப்பலில் வேலையிலிருக்கும் புருஷன் ஜெஸ்டின் பெயரைப் போட்டாள். அவளுக்கு வேறு யார் பெயர் வாயில் வரும்?

தப்பு எங்கே என்பது புரிந்தது. இன்னொன்றைப் பெறச் சொல்லும் கட்டளையையும் தாயின் குணத்தோடு சேர்த்து எழுதிவிட்டாள். அதனால் பிறந்த ஒவ்வொன்றும் பிறந்த கையோடு தனக்குள் ஒன்றைப் பெற்றது. இந்நேரம் ரூபி திணறிப்போய்ப் பிழை காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஜெஸ்டின், அதற்குள் ஜெஸ்டின், அதற்குள் ஜெஸ்டின் என்று வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. உப்புக்காற்றில் வந்த கருவாட்டு வாடையும், கிரேன்களின் உறுமலும், மாதா கோயில் மணியும், கீழ்வீட்டு டிவியும் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சியது. பழகிய தனிமைதான்.

நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

மாடிப்படியில் காலடி. இடது காலை லேசாக இழுத்து ஏறும் காலடி. ஜெஸ்டின் அப்படித்தான் ஏறுவான்.

"ஏளா ஜெப்ஸி, நாந்தாம்ளா. கதவத் தொற."

"நேத்துதான நடுக்கடல்ல நிக்கேன்னு சொன்னீங்க? வர இன்னும் ஒரு மாசம் ஆவும்னீங்க?"

"வந்துட்டேம்ளா. தொற."

திறக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் அந்தக் குரலுக்காக எத்தனை ராத்திரி தலையணையை நனைத்திருப்பாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

அவனேதான். இன்ஜின் ஆயில் வாடையோடு நின்றான். மார்பில் முகம் புதைத்து அழுதாள். அவன் கைகள் அவள் முதுகைச் சுற்றின.

காது அவன் நெஞ்சில் பதிந்திருந்தது. இதயத்துடிப்பு கேட்கவில்லை.

உள்ளே யாரோ படியேறினார்கள். இடது காலை இழுத்து இழுத்து.

"ஏளா ஜெப்ஸி, கதவத் தொற."

குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அதற்கும் உள்ளே, இன்னும் ஆழத்தில், அதே குரல். அதற்கும் உள்ளே.

விலகப் பார்த்தாள். கைகள் இறுகின.

அவள் கன்னத்துக்கு அடியில், சட்டைக்குள், தோல் மெல்ல எழும்பியது. நான்கு விரல் முட்டிகள். தட்டின.