மாமா மறக்காத சனிக்கிழமை

எங்கள் தெருமுனை டயர் கடையில் மூன்று பேர் உண்டு. கடையை நடத்துகிற அம்மா, அவருடைய தம்பி, அப்புறம் அம்மாவின் பத்து வயது மகள்.

மகளுக்குத் தெரு வைத்த பெயர் ‘மேனேஜர்’. யாரும் கேட்காமலேயே எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பாள். என் ஸ்கூட்டரைக்கூட அவள் காட்டுகிற இடத்தில்தான் நிறுத்துகிறேன்.

தம்பிக்கு வைத்த பெயர் ‘மறதி’. அவளுக்கு அவர் மாமா, தெருவுக்கே மறதி மாமா. ஒருமுறை பக்கத்துக் கடைக்கு நட்டு வாங்கப் போனவர், முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நட்டு வரவில்லை. இந்தக் கதையை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. ஒரு இருபது பேர் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அம்மா வெளியூர் போகவேண்டியிருந்தது. முதல் தடவையாகக் கடைச் சாவி மாமாவின் கைக்கு வந்தது.

“டேய், பல் டாக்டர் கார் வரும். புதுச் சக்கரம் வாங்கியிருக்காங்க. பழைய சக்கரத்துல இருக்கிற சென்சரை எல்லாம் கழட்டிப் புதுசுல மாட்டணும். எது எங்க இருந்துச்சோ அது அங்கேயேதான் போகணும். மறந்துடாத.”

“நான் மறப்பேனாக்கா?”

அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார். அதுதான் பதில்.

சென்சர் என்பது கட்டைவிரல் அளவுக் கறுப்புப் பெட்டி. காற்று அடிக்கிற வால்வோடு ஒட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். டயரில் காற்று குறைந்தால், ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கிற சின்னத் திரைக்குத் தகவல் அனுப்பும். ஒரே ஒரு சிக்கல். தான் எந்தச் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. எது எந்த இடம் என்று நினைவில் வைத்திருப்பது கார்தான். நாம் இடம் மாற்றி உட்கார வைத்தால், கார் பாவம், தவறான சக்கரத்தின் பெயரைச் சொல்லும்.

மாமாவுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். அதனால் நான்கு டீ கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

“மேனேஜர் மேடம், உங்க கையெழுத்து அழகா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி ஒட்டுங்க.”

அவள் எழுதி ஒட்டினாள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. மாமா ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, ஒவ்வொரு சென்சராக எடுத்து, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகே கோப்பையில் போட்டார்.

“இன்னிக்கு அக்கா வந்து என்ன சொல்றான்னு பாக்கலாம்!” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் தோழி வந்தாள். அவள் எதையும் லேசில் நம்புகிற பிள்ளை இல்லை.

“இந்தக் குட்டிப் பெட்டியா காரோட பேசும்? சும்மா கதை விடாதே.”

“பேசும்டி! கையில வச்சுப் பாரு.”

“ஒண்ணும் கேக்கல.”

“நாலையும் சேர்த்து வச்சுப் பாரு!”

நான்கும் தோழியின் உள்ளங்கைக்குப் போயின. குலுக்கிப் பார்த்தார்கள். காதில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே குழாயை மூடுகிற சத்தம் கேட்டதும்தான் மேனேஜருக்குப் பகீரென்றது. நான்கையும் பிடுங்கினாள்.

நான்கும் ஒரே மாதிரி இருந்தன.

கோப்பைக்கு ஒன்றாகப் போட்டாள். ‘எல்லாம் ஒண்ணுதானே, என்ன ஆயிடப்போகுது’ என்று நினைத்துக்கொண்டாள். மாமா துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். முன் இடது என்று எழுதிய கோப்பையில் இருந்ததை முன் இடது சக்கரத்தில் மாட்டினார். மற்ற மூன்றையும் அப்படியே. ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டு தடவை படித்தார்.

மாலையில் கறுப்புச் சக்கரங்கள் பளபளக்கக் கார் போனது. ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்பி வந்து காரைப் பற்றிக் கேட்டார். “பரவாயில்லையே” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மாமா நாள் முழுக்கச் சீட்டியடித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் பல் டாக்டர் வந்தார். பேசும்போது எப்போதும் சிரிக்கிறவருக்கு அன்று பல்லே தெரியவில்லை.

“முன் இடது சக்கரத்துல காத்து குறைவுன்னு கார் சொல்லுச்சு. காத்து அடிச்சேன். லைட் அணையல. இன்னும் அடிச்சேன். அப்பவும் அணையல. நடுரோட்டுல வண்டி ஒரு பக்கமா இழுக்குது. இறங்கிப் பாத்தா, பின் வலது டயர் சப்பையா கிடக்கு! ஆணி குத்தியிருக்கு. ஸ்பீடா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தன் கைகளைப் பார்த்தார்.

“நான் கோப்பையில போட்டுத்தான்க்கா...”

“போட்டே. எதை எதுல போட்டே?”

மாமா மெதுவாகச் சொன்னார்: “நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல.”

மேனேஜர் அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். காது இரண்டும் சூடாக எரிந்தன. வெளியே வந்து சொல்லக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி விடு. ஆணிக்கு ஒட்டுப் போட்டுத் தரேன் டாக்டர். நாளைக்குக் காலையில நானே நாலையும் பிரிச்சுப் பாக்கறேன். நீ இனிமே காத்து மட்டும் அடிடா, போதும்” என்றார். சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் போன பிறகு மாமா டயர் அடுக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, நீ அன்னிக்குக் கூடவே இருந்தியே. நான் எப்ப மாத்தினேன்னு பாத்தியா?”

“பாக்கல மாமா.”

“ரெண்டு தடவை படிச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா என் ஞாபகத்தை எவன் நம்புவான்? நானே நம்பறதில்ல.”

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவளுக்கு அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டரின் கார் கடை வாசலில் நின்றது. அம்மா கருவிகளை எடுத்து வைத்தார். ஓரமாக மாமா ஒரு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“பாத்துண்ணே, சைக்கிளுக்கு ரெண்டே சக்கரம்தான், மாத்திடாதீங்க!” என்றான் சைக்கிள்காரன். தையல்கடைக்காரர் சிரித்தார். பால்காரர் சிரித்தார். பால் வாங்கப் போன நானும் சிரித்தேன். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மாமா சிரித்ததைத்தான் மேனேஜரால் தாங்க முடியவில்லை. முதுகில் பள்ளிக்கூடப் பையோடு அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

“மாமா மாத்தலம்மா.”

“உனக்கு நேரமாச்சு, கிளம்பு.”

“மாமா மாத்தல! கோப்பையில இருந்ததைக் கொட்டி மாத்தினது நான். என் ஃப்ரெண்டுக்குக் காட்டறேன்னு எடுத்தேன்.”

இந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் இருந்தவர் தும்மினார். அது தெருக்கோடி வரை கேட்டது.

மாமா பம்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“அப்ப... நான் சரியாத்தான் வச்சிருந்தேனா?”

“ஆமா மாமா.”

“நாலையும்?”

“நாலையும்.”

“ஒண்ணுகூட மறக்கல?”

“ஒண்ணுகூட மறக்கல.”

மாமா ஒரு டயர்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவருடைய முகமோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனின் முகம் மாதிரி ஆகிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவள் தலை இன்னும் கீழே போனது.

“நேத்து கேட்டேனே, ஏன் சொல்லல?” என்றார் மெதுவாக.

“வெக்கமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

“சரி, மத்ததைச் சாயங்காலம் பேசிக்கலாம்” என்றார் அம்மா. குரலே பயமாக இருந்தது. “இப்ப நாலு டயரையும் பிரிக்கணும். அரை நாள் ஆகும்.”

“அரை நாளா? பதினோரு மணிக்கு ஒரு கடைவாய்ப் பல் எனக்காகக் காத்துட்டிருக்கே!” என்றார் டாக்டர்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரையே உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, டயரை ஏன் பிரிக்கணும்? உள்ள இருக்கிற சென்சரை மாத்தறதுக்குப் பதிலா, சக்கரத்தையே இடம் மாத்தினா என்ன? நாலும் ஒரே அளவுதானே?”

அம்மாவின் கை பாதியில் நின்றது.

“அது சரி. எதுக்குள்ள எது இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“பின் வலதுல காத்து போனப்ப முன் இடதுன்னு சொல்லுச்சு. அதனால அந்தச் சக்கரம் முன் இடதுக்குப் போகணும். டாக்டர், நீங்க அடிச்சு அடிச்சு உப்ப வச்சீங்களே, முன் இடது. இப்ப திரையில எந்த இடத்துல நம்பர் ரொம்ப ஏறியிருக்கு?”

டாக்டர் காருக்குள் எட்டிப் பார்த்தார். “பின் இடதுன்னு காட்டற இடத்துல நாப்பத்தஞ்சு! மத்ததெல்லாம் முப்பத்து மூணுதான். சிவப்பு லைட்டையே பாத்துட்டு இதைப் பாக்காம விட்டுட்டேனே.”

“அப்ப அது பின் இடதுக்குப் போகணும். மாமா, பின் இடதுல இருந்து கொஞ்சம் காத்தை விடுங்க.”

மாமா குனிந்து வால்வை அழுத்தினார். உஸ்ஸ். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

“பின் வலது நம்பர் குறையுது!” என்று கத்தினார் டாக்டர்.

“அப்ப இது பின் வலதுக்குப் போகணும். முன் வலது மட்டும் தப்பாம அதோட இடத்துலயே இருக்கு. மீதி மூணையும் இடம் மாத்தினா முடிஞ்சது” என்றாள் மேனேஜர்.

அம்மா கருவியை நீட்டினார். மகளிடம் இல்லை, தம்பியிடம். “நீயே மாத்துடா.”

மூன்று சக்கரங்களைக் கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் காற்றை இறக்கி ஏற்றிப் பார்த்தார்கள். கார் நான்கின் பெயரையும் சரியாகச் சொன்னது. பல் டாக்டரின் பற்கள் எல்லாம் வெளியே வந்தன.

மேனேஜருக்கு அன்று பள்ளிக்கூடம் இரண்டாவது பாடவேளையில்தான் தொடங்கியது. அதற்கான விளக்கக் கடிதத்தை அம்மா மூன்றே வரியில் எழுதினார். மூன்றும் உண்மை. அதை ஆசிரியரிடம் நீட்டும்போது அவள் எவ்வளவு நெளிந்தாள் என்று தோழி எனக்குச் சொன்னாள்.

சாயங்காலம் மாமா தலைசீவிக்கொண்டு தெருவில் இறங்கினார். நேராகத் தையல்கடை.

“நான் மறக்கல, தெரியுமா? நாலையும் சரியா வச்சிருந்தேன்! மாத்தினது இவ!”

பின்னால் மேனேஜர். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. முகம் சிவந்து, செருப்பைப் பார்த்தபடி, “ஆமா, நான்தான்” என்றாள்.

பால்காரரிடமும் அப்படியே. சைக்கிள்காரன் வீட்டில் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. என் வீட்டுக் கதவைத் தட்டியபோது, மாமா வாயைத் திறக்கும் முன்பே அவளே சொல்லிவிட்டாள்.

“அத்தை, சென்சரை மாத்தினது நான். மாமா இல்ல. மாமா ஒண்ணையும் மறக்கல.”

மாமா பின்னால் நின்று, மாப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். காலையில் நான் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உள்ள வாங்களேன். ஏதாவது குடிச்சிட்டுப் போங்க” என்றேன்.

“இல்ல அத்தை, இன்னும் நாலு வீடு இருக்கு.”

எந்த நான்கு வீடு என்று எனக்குத் தெரியும். அந்த நான்கு வீட்டுக்கும் போய் மாமாவைப் பற்றிச் சொன்னது நான்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு நானும் அவர்கள் பின்னால் நடந்தேன்.