ஊத்துமேட்டின் இறுக்கம்

ஊத்துமேட்டுக்கு இன்னும் ஆறு வருடம், நாற்பது நாள். இறுக்கமானி அப்படித்தான் காட்டியது. டெல்பின் மூன்று முறை அளந்து பார்த்தாள்.

நான்கு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து துளையிட்டு எடுத்த பாறை உருளை மேசைமேல் கிடந்தது. அதன் அடர்த்தி, அதற்குள் ஒலி ஓடும் வேகம், எவ்வளவு அழுத்தினால் அது முனகத் தொடங்குகிறது என்பதையெல்லாம் வைத்து, அங்கே பூமி முறிந்து நடுங்கும் நாளை அந்தக் கருவி சொல்லிவிடும். பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. நாள் குறித்த ஊர் காலியாக வேண்டும் என்பது சட்டம்.

ஊத்துமேடு அவள் பிறந்த ஊர். அணையில் மீன் பிடித்துப் பிழைத்த அண்ணன் கஸ்பாரும் அவன் மனைவி, மைனி லூர்தம்மாளும் அங்கேதான் இருந்தார்கள். அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்குமுன் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு வருசம் இருக்குல்லா. கொஞ்சம் பொறுத்துக் குடேன்."

"நாலாயிரம் பேருண்ணே. எப்படிப் பொறுக்க?"

அறிக்கை போனது. எட்டு மாதத்தில் ஊர் காலியானது. முறிவில் அணை உடைந்தால் கீழேயுள்ள ஊர்கள் மூழ்குமே என்று தண்ணீரையும் வடித்துவிட்டார்கள். கஸ்பாருக்குக் கிடைத்தது பொட்டல் வெளியில், ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு. குளம்கூடக் கண்ணில் படாத இடம். கொஞ்ச நாள் பேருந்து ஏறி எங்காவது தண்ணீரைத் தேடிப் போய்வந்தான். பிறகு அதையும் விட்டான். மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதன்பின் மைனி டெல்பினுடன் பேசவில்லை.

குறித்த நாள் வந்தது. காலி ஊரில் ஓர் ஓடுகூட அசையவில்லை.

மறுபடி துளையிட்டார்கள். டெல்பினே அளந்தாள். முன்பு விறுவிறுவென்று ஒலி ஓடிய பாறையில் இப்போது அது தயங்கித் தயங்கி ஓடியது. பாறை தளர்ந்திருந்தது. காரணம் பிடிபட அவளுக்கு ஒரு வாரமானது. பாறையை இறுக்கி வைத்திருந்தது அணைத் தண்ணீரின் பாரம்தான். வடித்ததும் இறுக்கம் விட்டுப்போயிற்று. கருவி பொய் சொல்லவில்லை. அதை நம்பியதால்தான் அது சொன்னது நடக்காமல் போயிற்று.

அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்கள். நிலநடுக்கத்தையே தடுத்துவிட்டோம், உயிர்ச்சேதம் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். வேறு அணைகளின் ஓரம் இன்னும் மூன்று ஊர்களைக் காலி செய்து தண்ணீரை வடிக்கவும் முடிவானது.

டெல்பின் ஒன்பதாவது மாடிக்கு ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மைனி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப திரும்பிப் போயிரலாமா?"

"போலாம் மைனி. ஆனா அணையில தண்ணி தேக்கக் கூடாது. தேக்குனா பாறை மறுபடி இறுகிரும்."

"தண்ணி இல்லாம அது என்ன ஊரு."

மைனி எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உயிர்ச்சேதம் இல்லன்னு எழுதிருக்காங்களா?"

"ஆமா மைனி."

"நீ அளந்து சொன்னா கேப்பாங்கல்லா," என்றாள் லூர்தம்மாள். "ஒண்ணுன்னு எழுதச் சொல்லு."