தேன்நிலவில் தொலைந்த மோதிரம்

அழைப்பு மணி அடித்ததும் லதீசன் தேநீர்க் கோப்பையோடே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். காப்புறுதி மோசடிகளைத் துருவித் துருவிக் கண்டுபிடித்து ஓய்வுபெற்றவர் அவருடைய மனைவி சுவர்ணா. அவரைத் தேடி யாராவது சிக்கலோடு வந்தால் லதீசனுக்குத் திருவிழாதான். வாசலில் மெலனியும் கொட்வினும் நின்றார்கள். தேன்நிலவு முடிந்து முந்தாநாள்தான் இலங்கையிலிருந்து குட்மேய்ஸுக்குத் திரும்பிய பக்கத்துத் தெருப் பிள்ளைகள். முகங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன.

"அக்கா, என்ர கலியாண மோதிரம் துலைஞ்சுபோச்சு," என்று உள்ளே வந்து சுவர்ணாவிடம் சொன்னாள் மெலனி. "உனவட்டுனவில இவர் என்னைக் கடலுக்குள்ள இழுத்தவர். வெளிய வந்து பார்த்தால் விரல் வெறுமை. ஞாயிறு பூசைக்கு மாமி வாறா, என்னத்தைச் சொல்லுறது?"

"பிழை என்னிலதான்," என்று முணுமுணுத்தான் கொட்வின்.

"கடற்கரையில ஆரும் படகுக்காரன் நிண்டிருப்பான், அவன்தான் எடுத்திருப்பான்!" லதீசன் துள்ளினார்.

"பொறுங்கோப்பா," என்று கணவரை அடக்கினார் சுவர்ணா. "பிள்ளை, பயணப் படங்களைக் காட்டும்."

முதலில் பொலன்னறுவை இடிபாடுகள். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே விடமாட்டார்கள். வெறுங்காலோடு மெலனி, மூக்கில் திட்டாக வெயில் கிறீம், கையில் காலுறை திணித்த சப்பாத்து. அடுத்த படத்தில் வெயிலில் சுடும் கல்லில் கொட்வின் குரங்காட்டம் ஆடினான். பிறகு காலி நகரக் கோட்டை மதில். மெலனியின் காலில் புதுச் செருப்பு, கைகள் கட்டியபடி.

"கையை நீட்டும். கலியாணம் எப்ப?"

"போன மாதம். இஞ்ச வெயிலே எறிக்கேல்லை."

லதீசனும் எட்டிப் பார்த்தார். ஐந்து விரலும் ஒரே கறுப்பு.

சுவர்ணா சிரித்தார். "மோதிரத்தோட வெயிலில திரிஞ்சிருந்தால் அந்த இடம் மட்டும் வெளிறியிருக்கும். இது கடலுக்கு முதலே, பயணத் தொடக்கத்திலயே கழண்டிட்டுது. கிறீம் பூசக் கழட்டினனீரோ?"

"ஓம்... உடுப்பில பொக்கற் இல்லை..." மெலனி வாயில் கை வைத்தாள். "சொக்ஸுக்குள்ள வைச்சனான்! இவர் துள்ளினதைப் பார்த்துச் சிரிச்சதில மறந்திட்டன். அதுக்குப் பிறகு செருப்புத்தான் போட்டனான். புது மோதிரம், விரலுக்குப் பழகவுமில்லை, அதுதான் இல்லாததும் தெரியேல்லை."

"சப்பாத்து எங்க?"

"இன்னும் சூட்கேஸுக்குள்ள!"

கொட்வின் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். இரைக்க இரைக்கத் திரும்பி வந்து காலுறையை உதறினான். மோதிரம் கம்பளத்தில் விழுந்ததும், தானே துப்பறிந்ததுபோல லதீசன் கூவினார்.

கொட்வின் அதை எடுத்து நீட்டினான். மெலனி உடனே வாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முழுப் பயணத்திலயும் எனக்குப் பிடிச்சதே நீங்கள் கடலுக்குள்ள இழுத்ததுதான். அதையே குற்றமாக்கிப்போட்டன்."

"எனக்கும் அதுதான் பிடிச்சது," என்றபடி மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிட்டான் கொட்வின்.